லூஷியஸ் டாக்கெட்டுக்கு ஒரு தனிச் சட்டம்

எங்கள் ஊரில் தேர்தல் நாள் என்றால் லூஷியஸ் டாக்கெட்டுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. காலை ஏழு மணிக்கே சர்ச் வேனைக் கிளப்பிவிடுவான். முழங்கால் வலிக்காரர்கள், கார் இல்லாதவர்கள், கார் இருந்தும் சாக்குச் சொல்கிறவர்கள் என்று எல்லோரையும் வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு வந்து தீயணைப்பு நிலையத்தில் இறக்குவான். எங்களுக்கு வாக்குச்சாவடி அங்கேதான். "டீக்கன் வாக்கர், தொப்பியத் தேடினது போதும்! ஓட்டு உங்க தலைக்கு இல்ல, கைக்கு!" என்று அந்தச் சர்ச் மூப்பர் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். அவன் வாய்க்குப் பயந்தே பாதி ஊர் ஓட்டுப் போட்டது.

எல்லோரும் உள்ளே போனதும் அவன் மட்டும் வேனில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். உள்ளே காலெடுத்து வைத்ததே கிடையாது. வைத்தும் பிரயோஜனமில்லை. லூஷியஸுக்கு ஓட்டு இல்லை. இது ஊருக்கே தெரியும். ஆனால் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அது எங்கள் ஊர் மரியாதை.

இருபத்திரண்டு வயதில் அவன் மீன் திருடினான். ஹாஸ்கெல் க்ரீட் என்ற வெள்ளைக்காரப் பண்ணையாரின் குளத்தில் வலை போட்டு, அறுநூறு பவுண்டு கெளுத்தி மீனை லாரியில் ஏற்றிவிட்டான். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. முதல் நாள் நல்ல மழை. மழை பெய்த பிறகு எங்கள் மிசிசிப்பி ஆற்று டெல்டாவின் கறுப்பு மண் என்ன பாடுபடுத்தும் என்று இங்கே பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அந்த மண்ணில் கட்டின குளத்துக் கரைமேல் பாரம் ஏற்றிய லாரியை ஓட்டலாம் என்று நினைத்த ஒரே ஆள் லூஷியஸ்தான். நாலு சக்கரமும் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டன. கூட வந்தவன் ஓடிவிட்டான். லாரி மாமாவுடையது என்பதால் இவனால் ஓடவும் முடியவில்லை. விடிந்ததும் க்ரீட் காபிக் கோப்பையோடு வந்து பார்த்தபோது, முழங்கால் சேற்றில் நின்று லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

மூன்று வருடம் மாநிலத்தின் பண்ணைச் சிறையில் பருத்தி எடுத்தான். வெளியே வந்தான். புல்வெட்டும் இயந்திரம், தண்ணீர் பம்பு எல்லாம் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு திருகாணியைக்கூடக் கேட்காமல் எடுத்தவனில்லை. ஆனால் தீர்ப்பில் மூன்று வருடம் என்று எழுதியிருந்தார்களே, அது பொய். மிசிசிப்பியில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள குற்றத்தைச் செய்தவனுக்கு ஆயுசுக்கும் ஓட்டு போச்சு. அடுத்தவன் மண்டையை உடைத்தவன் அந்தப் பட்டியலில் இல்லை. அவன் தாராளமாக ஓட்டுப் போடலாம். மீன் திருடினவன் இருக்கிறான். அதை எழுதினவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்று கறுப்பர்களான எங்கள் ஆட்களிடம் கேட்டால், பதில் சொல்லாமல் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அவனுக்கு ஓட்டு இல்லை என்பது தெரியாதவள் ஒருத்தி ஊரில் இருந்தாள். அவன் மனைவி மோசெல்.

அவள் சிகாகோவில் பிறந்து வளர்ந்தவள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அத்தையின் சாவுக்கு வந்தாள், கார் நின்றுபோனது, லூஷியஸ் சரிசெய்து கொடுத்தான், அவள் திரும்பிப் போகவில்லை. அவன் ஜெயிலுக்குப் போனது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். ஆனால் அவள் ஊரில் ஜெயில் கதவு திறக்கும்போதே ஓட்டும் திரும்ப வந்துவிடும். இங்கேயும் அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இவனும் திருத்தவில்லை. போதாக்குறைக்கு, வாக்குச்சாவடி மேசையில் உட்காரும் எங்கள் சர்ச்சுக்காரி சிஸ்டர் எர்னஸ்டைன் ஒவ்வொரு தேர்தலிலும் சாயங்காலம் வேன் ஜன்னல் வழியாக ஒரு ஸ்டிக்கரை நீட்டுவாள். 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று அதில் அச்சடித்திருக்கும். பாவம், அவனும் ஒட்டிக்கொள்ளட்டுமே என்ற நல்லெண்ணம்தான். அவன் அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

அந்த ஜனவரியில் எங்கள் மூன்றாம் வார்டுத் தெருக்களில் சாக்கடைத் தண்ணீர் மறுபடியும் வீட்டுக் குளியலறைகளில் பொங்கியது. நகரசபை உறுப்பினர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் இரவுச் சாப்பாட்டில் மோசெல் கீரையைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"ஜூன் தேர்தல்ல நான் நிக்கப் போறேன். பேர் குடுத்துட்டேன்."

"எதுல?"

"நகரசபைலதான், வேற எதுல? ஜெயிக்கறேனோ இல்லையோ, ரெண்டு ஓட்டு நிச்சயம். என்னோடது, உன்னோடது."

லூஷியஸுக்குச் சோள ரொட்டி தொண்டையில் நின்றுவிட்டது. அவள் முதுகில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். பாவம், சந்தோஷத்தில் விக்கிக்கொண்டான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை அவன் மிஸ் டெலோரிஸ் ஆப்பிள்வைட்டைப் பார்க்கப் போனான். அவள் சட்டசபையில் எங்கள் தொகுதி உறுப்பினர். அது வருடத்தில் சில மாத வேலை. மற்ற நாளெல்லாம் இறுதிச் சடங்கு நிலையம் நடத்துகிறாள். தொகுதி மக்களைச் சந்திப்பதும் அங்கேதான், மாதிரிக்கு வைத்திருக்கும் சவப்பெட்டிகளுக்கு நடுவே.

"வா லூஷியஸ். யாராவது போயிட்டாங்களா?"

"நான்தான் மிஸ் டெலோரிஸ். என் ஓட்டு போய் முப்பத்தேழு வருஷம் ஆச்சு. அத எழுப்ப முடியுமான்னு கேக்க வந்தேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"மூணு தேர்தல்ல எனக்கு வேன் வேனா ஆள் கொண்டுவந்து இறக்கியிருக்கே. நீ ஏன் உள்ள வரலேன்னு நான் ஒரு தடவகூடக் கேக்கல பாரு. எனக்கே வெக்கமா இருக்குய்யா."

பிறகு விஷயத்துக்கு வந்தாள். லூஷியஸுக்கு ஓட்டு வேண்டுமென்றால் லூஷியஸ் பெயரிலேயே தனியாக ஒரு மசோதா கொண்டுவர வேண்டும். இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் ஏராளம், கிடைப்பவர்கள் கொஞ்சம். அதுவும் ஜூன் தேர்தலுக்கு மே முதல் வாரத்தில் வாக்காளர் பட்டியலை மூடிவிடுவார்கள்.

"பாஸ்டர் கடிதம் வேணும். ஆனா அங்க எல்லாப் பயலும் பாஸ்டர் கடிதத்தோடதான் வர்றான். சபைல அந்தப் பக்கத்து வெள்ளைக்காரங்க மடங்கணும்னா, நீ யார்கிட்டத் திருடினியோ அவரே எழுதித் தரணும்."

"மிஸ்டர் க்ரீட் இன்னும் உயிரோட இருக்காரா?"

"என்கிட்ட இன்னும் வரல." அவள் குறிப்பேட்டை மூடினாள். "இன்னொண்ணு. உன் முழுப் பேரும், நீ செஞ்சதும் மசோதால இருக்கும். நம்ம ஊர்ப் பத்திரிகை போடாம விடாது. உன் பொண்டாட்டி அத அதுல படிச்சுத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு."

மனைவியிடம் சொல்வதைவிட க்ரீடிடம் போவது சுலபமாகத் தோன்றியது அவனுக்கு. எப்படிப்பட்ட தைரியசாலி பாருங்கள். நேரே பண்ணைக்கு வண்டியை விட்டான்.

குளங்களெல்லாம் தூர்ந்து சோயா வயலாகிவிட்டிருந்தன. எண்பத்தெட்டு வயது க்ரீட் கொட்டகையில் உட்கார்ந்து பழைய தூண்டில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். லூஷியஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, யார், என்ன, ஏன் வந்தேன் என்று சொல்லி முடித்தான். கிழவர் நெற்றியைச் சுருக்கினார்.

"லாரிய சேத்துல மாட்ட வெச்சது நீயா?"

"நான்தான் சார்."

"கரைமேலயாடா ஓட்டுவாங்க? மழ பேஞ்ச மறுநாள்?"

"தப்புதான் சார்."

"மீன அன்னிக்கு மத்தியானமே ஷெரீப்போட ஆளுங்க பொரிச்சுத் தின்னுட்டாங்க. சாட்சிப் பொருள்னு எடுத்துட்டுப் போனானுங்க, எலும்புகூடத் திரும்ப வரல." கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அது நடந்து எத்தன காலம் ஆச்சு. நான் எப்பவோ மறந்துட்டேன் லூஷியஸ்."

மறந்துவிட்டேன் என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். லூஷியஸுக்கு அது சுருக்கென்று தைத்தது. கிழவர் மீது கோபம் என்றும் சொல்ல முடியாது, ஆனால் கோபம்தான்.

"நீங்க மறந்துட்டீங்க சார். நான் ஒவ்வொரு தேர்தலுக்கும் வேன்ல உக்காந்து ஞாபகம் வெச்சிட்டிருந்தேன்."

க்ரீட் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, "என் கை நடுங்குது. நீயே எழுது. நான் சொல்றேன்" என்றார்.

தான் செய்த குற்றத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. விதைக் கடை விளம்பரம் அச்சடித்த காகிதத்தில் லூஷியஸ் எழுதினான். கிழவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த ஆள் என் மீனைத் திருடினார். அவ்வளவு மோசமாகத் திருடத் தெரியாத ஒருவரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு என் சொந்தக்காரர்களே என்னிடம் அதைவிட அதிகம் திருடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். மிஸ்டர் டாக்கெட்டும் போடட்டும்." கீழே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். க்ரீட் வீட்டார் யாரும் எங்களவரை 'மிஸ்டர்' போட்டுச் சொல்லி லூஷியஸ் கேட்டதில்லை. அந்த இரண்டு வார்த்தைகளை அவன் நிறுத்தி நிதானமாக எழுதினான்.

வந்த கோபமும் வேகமும் தணிவதற்குள் வீட்டுக்குப் போய், நின்றபடியே மோசெலிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவள் சமையலறை மேசையில் தேர்தல் பிரச்சார அட்டைகளுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"அப்போ அந்த ஸ்டிக்கர்?"

"எர்னஸ்டைன் குடுப்பா."

"எர்னஸ்டைனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாஸ்டருக்கு?"

"தெரியும்."

"காதே கேக்காத டீக்கன் வாக்கருக்கு?"

"அவருக்கும்தான்."

"அடப்பாவி! இந்த ஊர்ல நாய் பூனைக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. ஒம்பது வருஷமா நான் ஒருத்திதான் பைத்தியக்காரி மாதிரி, 'என் வீட்டுக்காரர் காலைல முதல் ஆளா ஓட்டுப் போட்டுட்டாரு'ன்னு சர்ச்ல பீத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்!"

"வெக்கமா இருந்துது மோசெல்."

"மீன் திருடினேன்னு சொல்ல வெக்கப்படல. இதச் சொல்ல வெக்கமா?"

"மீன் திருடினது நான் செஞ்சது. இது எனக்குச் செஞ்சது. அதச் சொல்றதுதான் கஷ்டமா இருந்துது."

அவள் நாலு நாள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு வரும், உப்பு வராது. ஐந்தாம் நாள் காலை அவன் எழுந்து வந்தபோது, அவள் தொலைபேசியில் சட்டசபை அலுவலகத்தில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். "டாக்கெட். கடைசில ரெண்டு 'டி' போட்டு எழுதிக்கங்க. நாளைக்கும் கூப்பிடுவேன். நாளான்னிக்கும் கூப்பிடுவேன்" என்றாள். அன்று முட்டையில் உப்பு சரியாக இருந்தது.

தன் தேர்தலுக்கு வீடு வீடாகப் போகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் இதற்கே செலவழித்தாள். பத்திரிகை அவன் பெயரைப் போட்டது, குற்றத்தையும் போட்டது. சர்ச்சில் அந்த ஞாயிறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வரிசையாக வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். நாங்களும் எத்தனை வருடம் சும்மா இருந்தோம் என்று எங்களுக்கும் உறைத்தது. அன்று டீக்கன் வாக்கர், இதே மாதிரி ஓட்டை இழந்திருந்த தன் அக்காள் மகனுக்கும் மனு எழுதித் தரச் சொல்லி மோசெலிடம் கேட்டார். இன்னும் இரண்டு பேர் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டார்கள்.

ஏப்ரலில், கூட்டத் தொடர் முடிகிற வாரம், இருவரும் மாநிலத் தலைநகர் ஜாக்சனுக்குப் போய்ச் சட்டசபை மேல்மாடத்தில் உட்கார்ந்தார்கள். கீழே உறுப்பினர்கள் சாண்ட்விச் தின்றுகொண்டும் அரட்டையடித்துக்கொண்டும் இருந்தார்கள். எழுத்தர் பெயர்களை ஓட்டமாக வாசித்தார். சில பெயர்கள் வந்தன, விழுந்தன. பிறகு, "லூஷியஸ் எட்வர்ட் டாக்கெட்டுக்கு வாக்குரிமையைத் திரும்ப அளிக்கும் சட்டம்" என்றார். க்ரீடின் கடிதத்தை மிஸ் டெலோரிஸ் எழுந்து படித்தாள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்கள். பலகையில் பச்சை விளக்குகள் மளமளவென்று ஏறின. முப்பத்தேழு வருடத்துச் சமாசாரம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இது இவ்வளவு லேசான வேலையா, இதற்கா என்னை இத்தனை காலம் உட்காரவைத்தார்கள் என்று அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. மோசெல் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மற்ற அவையிலும் தேறியது. கவர்னர் கையெழுத்துப் போடவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. நாள் கடந்ததால் தானாகவே சட்டமாகிவிட்டது. ஆனால் கடைசி நாள் சனிக்கிழமை நீதிமன்றக் கட்டடத்துக்குப் பெயர் பதியப் போனால், அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்க பேருக்கு எதிர்ல இன்னும் தடை இருக்கு சார். அந்தச் சட்டத்தோட முத்திர போட்ட நகல் இருந்தாத்தான் எடுக்க முடியும். பன்னெண்டு மணிக்கு மூடிடுவோம்."

மணி பத்தரை. மிஸ் டெலோரிஸைக் கூப்பிட்டான். "நகல் நேத்தே வாங்கிட்டேன். என் வண்டி ஜாக்சன்லேர்ந்து வந்துட்டேதான் இருக்கு. வாசல்ல நில்லு" என்றாள்.

பதினொன்றே முக்காலுக்கு நீதிமன்ற வாசலில் கறுப்புச் சவ வண்டி வந்து நின்றது. புல்வெளியில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பின்னால் பெட்டியில் ஒருவர் இருக்கத்தான் இருந்தார், ஜாக்சன் ஆஸ்பத்திரியில் காலமானவர். முன் இருக்கையில் காகித உறையில் லூஷியஸின் சட்டம் இருந்தது. அவன் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டு, "மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் அவசரம்" என்று உறையைப் பிடுங்கிக்கொண்டு படியேறி ஓடினான். ஐம்பத்தொன்பது வயதில் அவன் ஓடி நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை வெயில் தாளவில்லை. வேனிலிருந்து இறங்கியவர்களோடு லூஷியஸும் இறங்கினான். முழங்கால் வலிக்காரர்கள்கூட நகராமல் அவனை முன்னால் விட்டார்கள். மேசையில் சிஸ்டர் எர்னஸ்டைன் தலை நிமிராமல் கேட்டாள்.

"பேர் சொல்லுங்க சார்."

"எர்னஸ்டைன், என்னத் தெரியாதா உனக்கு?"

"பட்டியல் பாத்துத்தான் குடுக்கணும். பேர் சொல்லுங்க சார்."

அவன் முழுப் பெயரையும் சொன்னான். அவள் விரல் பட்டியலில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. "இருக்கு" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்தாள், கண்ணாடிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தாள். லூஷியஸும் அழுதான். மறைக்கவில்லை. வாக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனவன் வரவே இல்லை. ஊருக்கெல்லாம் எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தவன், சீட்டில் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைப் பேனாவால் நிரப்ப ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மோசெல் பதினொரு ஓட்டில் தோற்றாள்.

சாயங்காலம் முடிவு தெரிந்ததும் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். லூஷியஸ் அவளுக்கு ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் கொடுத்தான். பாதி குடித்த பிறகு அவளுக்குப் பேச்சு வந்தது.

"நூத்தித் தொண்ணூத்தாறு பேர். மோசமில்ல. அந்த ஆள் இனிமே மூக்கப் பொத்திட்டுப் போக முடியாது. நாலு வருஷம் கழிச்சுப் பாத்துக்கறேன்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அந்த நூத்தித் தொண்ணூத்தாறுல ஒண்ணு உன்னோடதுதானே?"

லூஷியஸ் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அத நான் சொல்லமாட்டேன்."

"என்னது?"

"ரகசிய ஓட்டு. தடுப்புக்குப் பின்னாடி நின்னு போட்டேன். யாருக்குன்னு கேக்க கவர்னருக்கே உரிமை கெடையாது."

"நான் உன் பொண்டாட்டிய்யா!"

"தோத்துப்போன வேட்பாளரும்தான். தெருவுல போய்க் கேளு. யாராவது சொல்றானான்னு பாப்போம்."

ஈரத் துண்டு பறந்து வந்து அவன் முகத்தில் விழுந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபோது அவள் கண் நிறைந்திருந்தது. எழுந்து வந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"சரி, சொல்லாதே" என்றாள். "அது உன்னோடது. நீயே வெச்சுக்கோ."